நாலு மணி டீக்குப் பதில் ஒரு டம்ளர் ஸ்மூத்தி

வைகாசி பிறந்தால் சின்ன காஞ்சிபுரத்தில் இரண்டு விஷயம் நிச்சயம். ஒன்று, வரதராஜப் பெருமாள் கோயில் பிரம்மோற்சவம். இன்னொன்று, தறி இருக்கும் அறையில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாத புழுக்கம். கருட சேவை அன்று பெருமாள் பெரிய காஞ்சிபுரம் வரை போய்த் திரும்பும் வழியெல்லாம் பந்தல் போட்டு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் தாகம் தெரியாது. மற்ற நாட்களில்தான் பாடு.

தறி ஓடும் வீடுகளில் டீ இல்லாமல் வேலை நகராது. விடிந்ததும் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, விளக்கு வைத்த பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் சர்க்கரை தாராளம். வெயில் ஏறிவிட்டால் பிள்ளையைக் கடைக்கு அனுப்பிக் கலர் பாட்டில். இதில் நாலு மணி டீயை மட்டும் எங்கள் வீட்டில் எடுத்துவிட்டோம். அந்த இடத்துக்குப் பழமும் காயும் சேர்த்து அரைத்த ஸ்மூத்தி வந்தது. டீயை அடியோடு நிறுத்தச் சொல்லியிருந்தால் எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்க மாட்டார். ஒரு வேளை என்பதால் நிலைத்தது.

அரைத்து அரைத்துக் கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன். பெரிய சமையல்காரர்களுக்கு இல்லை. ஒரு மிக்சியும், தெருவில் வரும் தள்ளுவண்டியும் உள்ள வீட்டுக்கு.

மூன்று விதிகள்

முதலில் விதிகளைச் சொல்லிவிடுகிறேன். செய்முறைகள் மறந்தாலும் இவை மறக்கக் கூடாது.

வடிகட்டாதீர்கள். ஜூஸுக்கும் ஸ்மூத்திக்கும் உள்ள வித்தியாசமே இதுதான். வடிகட்டினால் நார்ச்சத்து சக்கையோடு குப்பைக்குப் போகிறது. சர்க்கரைத் தண்ணீர்தான் டம்ளரில் மிஞ்சுகிறது. நார் இருந்தால் வயிறு நிறையும், அடுத்த வேளை வரை பசி தாங்கும். கொய்யா விதைக்கு மட்டும் விலக்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

சர்க்கரை போடாதீர்கள். ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை சுமார் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஏறக்குறைய ஆறு டீஸ்பூன். காலையிலிருந்து குடித்த டீயிலேயே அது முடிந்திருக்கும். தேனும் நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும்கூட இந்தக் கணக்கில்தான் வரும். இனிப்பு போதவில்லை என்றால் பழம் பழுக்கவில்லை என்று அர்த்தம். நாளைக்குப் பாருங்கள்.

எடுத்து வைக்காதீர்கள். அரைத்த பழம் காற்றுப் பட்டதும் கறுக்கத் தொடங்கும், ருசி மாறும். நம் ஊர் வெயிலில் வெட்டிய பழமோ அரைத்த பழமோ ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்கக் கூடாது. குடிக்க ஆள் வந்த பிறகு மிக்சியைப் போட்டால் போதும்.

இருக்கிற மிக்சியே போதும்

ஸ்மூத்திக்கென்று தனி பிளெண்டர் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம். 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. அன்று அண்ணாவின் பிறந்த நாள். 1909-ல் அவர் பிறந்த ஊரான இதே காஞ்சிபுரத்தில், அந்த மிக்சியில் இன்றும் சட்னி அரைக்கும் வீடுகள் உண்டு. அதிலேயே ஸ்மூத்தி அருமையாக வரும். போடும் வரிசைதான் முக்கியம்.

ஜாரில் முதலில் மோர், இளநீர் என்று நீர்ப்பொருள் எதுவோ அது. அதன் மேல் மென்மையான பழம். கடைசியில் கடினமான காய். அடியில் ஈரம் இருந்தால்தான் பிளேடு சுற்றும்போது எல்லாவற்றையும் கீழே இழுக்கும். கடினமானதை அடியில் போட்டால் பிளேடு வெறுமனே சுற்றும், மோட்டார் சூடாகும், கடைசியில் அடியில் உள்ள சிவப்புப் பட்டன் வெளியே வந்து நின்றுவிடும்.

காயை விரல் நுனி அளவுக்கு நறுக்குங்கள். கேரட்டைத் துருவிவிடுங்கள். முதலில் பல்ஸில் நாலைந்து தடவை விட்டு விட்டு ஓட்டி, பிறகு தொடர்ந்து அரை நிமிடம். நடுவில் ஒரு தடவை மூடியைத் திறந்து ஓரத்தை வழித்துவிடுங்கள். நிறுத்தாமல் ஓட்டினால் ஜார் சூடேறி ஸ்மூத்தி வெதுவெதுப்பாகிவிடும். ஜாரில் முக்கால் பங்குக்கு மேல் நிரப்பினால் சுவரெல்லாம் தெறிக்கும்.

ஐஸ் கட்டியைச் சாதாரண மிக்சியில் போடாதீர்கள். பிளேடு மழுங்கும், ஜார் அடியில் கசிவு வரும். குளிர்ச்சி வேண்டுமென்றால் நறுக்கிய பழத்தை முன்கூட்டியே ஃப்ரீசரில் அரை மணி வைத்து எடுங்கள். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் வெள்ளரியையும் மோர்ச் சொம்பையும் மண்பானைத் தண்ணீரில் இறக்கி வைத்தாலே தொண்டைக்கு இதமான குளிர்ச்சி கிடைக்கும். கடை ஐஸ் வாங்கிப் போடவே வேண்டாம். எந்தத் தண்ணீரில் உறைய வைத்தது என்று நமக்குத் தெரியாது.

அடுத்தது வாசனை. காலையில் பூண்டுச் சட்னி அரைத்த ஜாரில் சாயங்காலம் மாம்பழத்தை அரைத்தால் மாம்பழச் சட்னிதான் வரும். வாசனை பெரும்பாலும் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வாஷரில்தான் இருக்கிறது. அதைக் கழற்றித் தனியாகக் கழுவுங்கள். பிழிந்த எலுமிச்சைத் தோலோடு கொஞ்சம் தண்ணீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் ஜாரில் மிச்சமிருக்கும் வாசனையும் போய்விடும். முடிந்தால் நடுத்தர ஜார் ஒன்றைப் பழத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு கைக்கணக்கு

இரண்டு டம்ளருக்கு: நறுக்கிய காய் ஒரு கப், நறுக்கிய பழம் ஒரு கப், நீர்ப்பொருள் முக்கால் கப். காய் பெரும்பாலும் பழத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். பழம் கூடினால் இனிப்புப் பானம். காய் கூடினால் சாப்பாடு.

இதன் மேல் நாலு சின்ன விஷயம். ஒரு புளிப்பு: எலுமிச்சையோ நெல்லிக்காயோ தயிரோ. புளிப்பு இருந்தால் பழத்தின் இனிப்பு எடுப்பாகத் தெரியும், நிறமும் சீக்கிரம் கறுக்காது. ஒரு வாசனை: புதினா, கொத்தமல்லி, இஞ்சி இவற்றில் ஒன்று. ஒரு கொழுப்பு: இரண்டு பத்தை தேங்காயோ, ஊறவைத்த வேர்க்கடலை ஒரு ஸ்பூனோ. கேரட், மாம்பழம், பப்பாளியில் உள்ள மஞ்சள் நிறச் சத்து உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். கடைசியாக ஒரு சிட்டிகை உப்பு. குழித்தறியில் காலால் மிதித்து வேலை செய்கிறவர்களுக்கு வியர்வையில் உப்பும் போகிறது.

எங்கள் வீட்டில் ஐந்தாவதாக ஒன்று உண்டு. காஞ்சிபுரம் கோயில் இட்லிக்குப் போடும் மிளகு, சீரகம், சுக்கு மூன்றையும் வறுத்துப் பொடித்து ஒரு சின்னப் புட்டியில் வைத்திருக்கிறேன். வெள்ளரி, தர்ப்பூசணி, மோர் சேரும் எந்த ஸ்மூத்திக்கும் இதில் கால் டீஸ்பூன். வெறும் பழச்சாறு குடித்தால் சளி பிடிக்கும் என்று தள்ளிவைக்கும் பெரியவர்கள், சுக்கு வாசனை வந்ததும் டம்ளரை வாங்கிக்கொள்வார்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அந்தந்தப் பருவத்தில் மலிவாக வருவதுதான் ருசியாகவும் இருக்கும். மாசி தொடங்கி ஆனி வரை தர்ப்பூசணி, கிர்ணி, வெள்ளரி, நுங்கு, மாம்பழம். ஆடியில் நாவல். மழைக்காலத்துக்குப் பிறகு கொய்யா, நெல்லி, நல்ல கேரட். பப்பாளியும் வாழையும் வருஷம் முழுக்க.

தர்ப்பூசணியை முழுதாக வாங்குங்கள். 2025 கோடையில் தர்ப்பூசணிக்குள் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு பரவி, வாங்க ஆளில்லாமல் விலை சரிந்து விவசாயிகள் தவித்தார்கள். அந்தப் பயத்துக்கு நாம் செய்யக் கூடியது சுலபம்: வெட்டி வைத்த துண்டை வாங்காமல் முழுப் பழத்தை வாங்கி வீட்டில் வெட்டுவது. தரையில் கிடந்த பக்கம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் சீக்கிரம் பறித்தது. தூக்கிப் பார்த்தால் அளவுக்கு மீறிய கனம் இருக்க வேண்டும்.

மாம்பழத்தைக் கல் வைத்துப் பழுக்கவைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கால்சியம் கார்பைடுக்கு இந்தியாவில் தடை. எத்திலீன் வாயுவை அளவோடு பயன்படுத்த அனுமதி உண்டு. கல் வைத்த பழம் மேலே பளிச்சென்று மஞ்சளாகவும், கொட்டையைச் சுற்றிப் புளிப்பாகவும் இருக்கும், காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனையே இருக்காது. காயாக வாங்கி வைக்கோலிலோ அரிசி டப்பாவிலோ வைப்பது நிம்மதி.

வெள்ளரியை நறுக்கியதும் காம்புப் பக்கத்து முதல் துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயையே ஒதுக்குங்கள். சுரைக்காய்க்கு இது இன்னும் கட்டாயம். 2010-ல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து, கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. கசப்புக்குக் காரணம் வெள்ளரி, சுரை குடும்பத்துக் காய்களில் இயற்கையாகவே உண்டாகும் ஒரு நச்சுப் பொருள். பச்சைச் சுரைக்காய் உடம்புக்கு நல்லது, கசந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடி என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நான் சுரைக்காயைக் கூட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

எந்தப் பழமானாலும் வெட்டுவதற்கு முன் ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள், தோலைச் சீவப் போகிறோம் என்றாலும் சரி. தோலில் இருக்கும் அழுக்கு கத்தியோடு உள்ளே போகும்.

சேராத ஜோடிகள்

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் அரைக்க முடியாது.

பப்பாளியோடு பால் சேர்த்தால் சற்று நேரத்தில் கசக்கும். பப்பாளியில் உள்ள பப்பெய்ன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. அன்னாசிக்கும் இதே கதைதான். இவற்றுக்கு இளநீர், சாத்துக்குடி, தேங்காய்ப்பால் சேரும்.

சாத்துக்குடியைச் சுளையாகப் போட்டால் வெள்ளைத் தோலையும் விதையையும் சுத்தமாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தும், அரைத்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசப்பு ஏறும். உடனே குடித்துவிட வேண்டிய பழம்.

வாழைப்பழம் ஸ்மூத்திக்குக் கெட்டியும் இனிப்பும் கொடுக்கும். எல்லாரும் முதலில் தேடுவது அதைத்தான். ஆனால் 2023-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விஷயம் கண்டார்கள். திராட்சை, பெர்ரி, ஆப்பிள், கோகோ போன்றவற்றில் ஃபிளவனால் என்ற நல்ல பொருள் இருக்கிறது. அதை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களைவிட, வாழைப்பழ ஸ்மூத்தி குடித்தவர்கள் உடலில் அது 84 சதவீதம் குறைவாகவே சேர்ந்தது. வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் அதே நொதிதான் காரணம். ஆகவே வாழைப்பழத்தைத் தயிரோடும் கேரட்டோடும் சேர்க்கிறேன், திராட்சையோடு சேர்ப்பதில்லை. அதற்காக வாழைப்பழம் கெட்டது என்று அர்த்தம் இல்லை.

பாலக் கீரையைப் பச்சையாக அரைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அதில் ஆக்சலேட் அதிகம். வெயிலில் தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீரகக் கல் வந்தவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கீரையை மட்டும் சேருங்கள். கல் தொந்தரவு உள்ளவர்கள் பாலக், பீட்ரூட் இரண்டையும் விட்டுவிடுவது நல்லது. பச்சை நிறம் வேண்டுமென்றால் புதினாவும் கொத்தமல்லியும் இருக்கின்றன.

எங்கள் வீட்டில் நிலைத்த ஐந்து

எல்லாம் இரண்டு டம்ளர் அளவு.

வெள்ளரி – தர்ப்பூசணி: வெள்ளரி ஒன்றரை கப், கறுப்பு விதை நீக்கிய தர்ப்பூசணி ஒரு கப், புதினா பத்து இலை, அரை மூடி எலுமிச்சை, உப்பு, சுக்கு மிளகுப் பொடி. தண்ணீரே வேண்டாம், பழமே விடும். விதையை எடுக்காமல் அரைத்தால் நாக்கில் நறநறக்கும். கத்திரி வெயிலுக்கு இதை மிஞ்ச ஒன்றும் இல்லை.

பப்பாளி – கேரட்: பப்பாளி ஒரு கப், ஆவியில் வேகவைத்த கேரட் ஒரு கப், சாத்துக்குடிச் சுளை ஒரு பழத்துக்கு உள்ளது, தேங்காய் இரண்டு பத்தை, இஞ்சி நகத்தளவு, தண்ணீர் அரை கப். கேரட்டை லேசாக வேகவைத்தால் சாதாரண மிக்சியிலும் வெண்ணெய் போல அரைபடும், சத்தும் நன்றாகச் சேரும். காலையில் இட்லிக் கொப்பரையின் மேல் தட்டில் கேரட்டை வைத்துவிட்டால் தனியாகக் கேஸ் செலவும் இல்லை.

நெல்லி மோர்: பெரிய நெல்லிக்காய் இரண்டு, வெள்ளரி ஒன்றரை கப், கறிவேப்பிலை ஒரு கொத்து, புளிக்காத மோர் ஒரு கப், இஞ்சி, உப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம். பழம் இல்லை, இனிப்பும் இல்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நான் முதலில் நீட்டுவது இதுதான். பந்தலில் கொடுக்கும் நீர்மோர் ருசி தெரிந்த யாரும் இதை வேண்டாம் என்று சொல்லிக் கேட்டதில்லை.

மாம்பழம் – பரங்கி: வேகவைத்து ஆறவைத்த பரங்கிக்காய் ஒரு கப், மாம்பழம் முக்கால் கப், கெட்டித் தயிர் அரை கப், ஏலக்காய் ஒன்று, தண்ணீர் கால் கப். காய் சாப்பிடாத பிள்ளைகளுக்கு இது. நிறமும் மாம்பழம், வாசனையும் மாம்பழம். பரங்கி இருப்பதைச் சொன்னால்தான் தெரியும். குடித்து முடித்த பிறகு சொல்லுங்கள்.

கொய்யா – பீட்ரூட்: கொய்யா ஒரு கப், வேகவைத்த பீட்ரூட் முக்கால் கப், எலுமிச்சை, இஞ்சி, தண்ணீர் ஒரு கப். கொய்யாவின் நடுவில் உள்ள விதைப் பகுதியை மட்டும் தனியாகக் கொஞ்சம் தண்ணீரில் பிசைந்து வடிகட்டி அந்தச் சாற்றைச் சேருங்கள். சதையை அப்படியே போடுங்கள். விதையை மிக்சியில் போட்டால் மணல் மாதிரி ஆகிவிடும். மறுநாள் சிறுநீர் சிவந்து வந்தால் பயப்பட வேண்டாம், சிலருக்கு பீட்ரூட் நிறம் அப்படியே வெளியேறும்.

நுங்குக் காலத்தில் இவற்றோடு ஒன்று: தோல் சீவிய நுங்கு ஆறேழு சுளை, வெள்ளரி ஒரு கப், இளநீர் ஒரு கப், எலுமிச்சை. நுங்குத் தோலை எடுக்காவிட்டால் துவர்க்கும். பல்ஸில் இரண்டே சுற்று. நுங்கு பல்லில் படும்படி இருந்தால்தான் சுகம்.

தறிக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்

இது தறி வீட்டுக்காரர்களுக்கு. பட்டுப் பாவின் மேல் ஒரு சொட்டு பீட்ரூட் தெறித்தால் அந்தச் சேலை போச்சு. சாயம் ஏற்றிய பட்டு எந்த நிறத்தையும் உடனே குடிக்கும். துடைத்தால் இன்னும் பரவும். கோர்வைச் சேலையில் பல நாள் உழைப்பு அந்தப் பாவில் இருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் சட்டம்: டம்ளர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வராது.

நாலு மணி ஆனதும் மிக்சிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டுக்காரர் ஓடிக்கொண்டிருக்கும் ஊடையை முடித்து, நாடாவைப் பாவின் ஓரத்தில் வைத்து, இரண்டு கையையும் பலகையில் ஊன்றிக் குழியிலிருந்து காலைத் தூக்கி வெளியே வருவார். நேரே முற்றத்துக் குழாயில் முகம், கை கழுவிக்கொண்டு திண்ணையில் போய் உட்காருவார். மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்த பிறகுதான் டம்ளரை வாங்குவார். குடித்து முடித்ததும் மறுபடி கை கழுவி, ஈரம் போகத் துடைத்துக்கொண்டுதான் தறிக்குத் திரும்புவது. விசிறிக் காற்று நேரே பாவில் படக் கூடாது என்று அறையில் வேகத்தைக் குறைத்தே வைத்திருப்போம். ஆகவே திண்ணைக் காற்றும் அந்தப் பத்து நிமிடமும் சேர்ந்துதான் மருந்து. ஒரே இடத்தில் குனிந்து உட்காரும் எந்த வேலைக்கும் இது பொருந்தும், கம்ப்யூட்டர் வேலைக்கும்தான். மேசையிலேயே வைத்துக்கொண்டு குடிக்காதீர்கள். எழுந்து போய்க் குடியுங்கள்.

யாருக்கு, எவ்வளவு

முதல் தடவை டம்ளரை நீட்டியபோது என் மாமியார் வாங்கவில்லை. "ஏம்மா, எனக்குப் பல்லா இல்ல? பழத்த அரைச்சுக் குடிக்கணுமா?" என்றார்.

"இல்ல அத்த, டீக்குப் பதிலாத்தான்" என்றேன்.

"அப்ப டீயக் கொடுக்காத. பழத்தக் கையில கொடு, கடிச்சுக்கறேன்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். பழத்தைக் கடித்து மென்று சாப்பிடுவதற்கு ஈடு எதுவும் இல்லை. மெல்ல நேரமாகும், அளவாகச் சாப்பிடுவோம். அரைத்துவிட்டால் இரண்டு கொய்யாவும் ஒரு மாம்பழமும் ஒரே மூச்சில் உள்ளே போய்விடும். பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை பழச்சாறும் ஸ்மூத்தியும் சேர்த்து ஒரு நாளைக்கு 150 மில்லிக்கு மேல் வேண்டாம் என்கிறது. நம் காபி டம்ளரில் ஒன்று. சொம்பு சொம்பாகக் குடித்தால் நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இது பழத்துக்கு மாற்று இல்லை, சோற்றுக்கும் மாற்று இல்லை. சர்க்கரை டீக்கும் கலர் பாட்டிலுக்கும்தான் மாற்று. கடையில் பழபானம் என்று விற்பதில் நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே போதும். மீதி பெரும்பாலும் தண்ணீரும் சர்க்கரையும். அதோடு ஒப்பிட்டால் வீட்டில் அரைத்தது எவ்வளவோ மேல். ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். சாம்பாரில் மிதக்கும் இரண்டு முருங்கைத் துண்டோடு நிறுத்திக்கொள்கிற வீடுகளில், காய் கூடுதலாகப் போட்ட ஒரு டம்ளர் அந்தக் கணக்கில் ஒரு பங்கை நிரப்பும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாம்பழம், வாழை, சப்போட்டா சேர்த்தவற்றை விட்டு வெள்ளரியும் நெல்லியும் மோரும் எடுத்துக்கொள்ளலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீர், வாழைப்பழம் இரண்டையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அவற்றில் பொட்டாசியம் அதிகம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எதிலும் தேன் கலந்து கொடுக்காதீர்கள், ஒரு சொட்டுக்கூட. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த ஒரு சிட்டிகை உப்பும் வேண்டாம், எலுமிச்சை போதும்.

என் மாமியார் இன்றைக்கும் பழத்தைக் கடித்தே சாப்பிடுகிறார். பல்லுக்குச் சிரமமான கேரட்டும் பீட்ரூட்டும் வரும் நாளில் மட்டும் டம்ளரைக் கேட்டு வாங்கிக்கொள்வார். சரியான ஏற்பாடு அதுதான்.

நீங்களும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை டீ குடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதில் உங்களுக்கு மிகவும் பிடிக்காத ஒன்றை, பழக்கத்துக்காக மட்டும் குடிக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நாளைக்கு அந்த நேரத்துக்கு ஒரு வெள்ளரியையும் ஒரு துண்டு தர்ப்பூசணியையும் மிக்சியில் போடுங்கள். சர்க்கரை டப்பாவைத் திறக்காமல் அந்த வேளை கழிந்துவிட்டால், மறுநாளும் அதையே செய்யுங்கள்.